ஒட்டியும் வெட்டியும்



நம் பிள்ளைகளின் சொற்போரைக் குறித்துச் சில கூற விழைகின்றோம். முதற்கண் நம் பிழையை ஒப்புக்கொள்வோம். அணிக்கு மூவராக அறுவரை மேடையேற்றினோம். முதல்வர் பொருளை வகுத்துரைக்க வேண்டும். இரண்டாமவர் எதிரணியை மறுக்க வேண்டும். மூன்றாமவர் தொகுத்து முடிக்க வேண்டும். நடந்தது வேறு. பெற்றோர் எழுதித் தந்ததை அறுவரும் ஒப்புவித்தனர். மறுக்க வந்த சிறுவன், எதிரணியார் எவரும் சொல்லாத வாதத்தை முழங்கி மறுத்துவிட்டு அமர்ந்தான்! கைதட்டியவர்களில் நாமும் இருந்தோம்.

பிறர் கூற்றைக் கேட்டபின் மறுப்பதே நம் முன்னோர் முறை. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார், பரபக்கத்தில் பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்த பின்னரே, சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவுகின்றார்.

நாம் வாழும் ஹவுராவுக்கு அக்கரையிலும் சான்று உண்டு. கல்கத்தா இந்துக் கல்லூரியில் 1826இல், தம் 17ஆம் அகவையில், ஆசிரியரானவர் டெரோசியோ. மாணாக்கர் கூடி வாதிட ஒரு மன்றமும் கண்டார். 1831இல் நிர்வாகத்தார் அவரை விலக்கத் துணிந்தபோது, வில்சன் என்பாருக்கு விடை எழுதினார். கடவுளைப் பற்றி ஹியூம் எழுப்பிய ஐயங்களை மாணாக்கருக்கு உரைத்தது மெய்யே. அவற்றுக்கு ரீடும் ஸ்டூவர்ட்டும் தந்த மறுமொழிகளையும் உடன் உரைத்தேன் என்பதே அவர்தம் நியாயம். வேலை போயிற்று. அவ்வாண்டின் இறுதியிலேயே, 22 அகவையில், மறைந்தார்.

ஆகவே மறுமுறை எழுதிய தாளைத் தடுத்தோம். எதிரணியின் வலிய வாதத்தை முதலில் கூறிவிட்டே மறுக்க வேண்டுமென விதித்தோம். பொருள்: வங்கத்தில் வளரும் பிள்ளைக்குத் தமிழ்ப் பேச்சு போதுமா, எழுத்தும் வேண்டுமா?

பேச்சே போதும் என்ற அணியில் ஒருவன், எழுத்துக்கு அஞ்சியே பலர் பேச்சையும் விடுகின்றனர் என்றான். நம்மைச் சுட்ட வாதம் அது. எதிரணியில், தமிழ் எழுதவே அறியாத ஒரு சிறுமி எழுந்தாள். அவன் சொன்னதைப் பிழையின்றித் திருப்பிச் சொன்னாள்; அதுவும் உண்மைதான் என்றாள். பிறகு, "இறந்துபோன பாட்டியின் கடிதங்கள் பெட்டியில் உள்ளன. நான் அவற்றைப் பார்க்கிறேன், படிக்க முடியவில்லை" என்று கூறி அமர்ந்தாள். நடுவர் சற்று நேரம் மணியடிக்க மறந்தார்.

அடுத்த திங்களில் அணிகள் இடம் மாறும். பேச்சே போதும் என்று அச்சிறுமி வாதிட வேண்டும். பெற்றோர்களே, அருள்கூர்ந்து எழுதிக் கொடுத்தனுப்பாதீர்கள்.