விமானி உத்தியோகமும் வீட்டுப் பத்திரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் கல்வித் துணைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

மட்டாஞ்சேரிப் படகுத் துறையில் நின்று எதிர்க்கரையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த வில்லிங்டன் தீவிலே, காயலைத் தூர்வாரி எடுத்த மண்ணின்மீது அமைந்த கடற்படைத் தளத்திலேதான், 1999 ஜூன் மாதம் நெடும்பாசேரி நிலையம் இயங்கத் தொடங்கும் வரை, கொச்சிக்கு வந்த பிரயாணி விமானங்கள் யாவும் இறங்கின. வெளியிலுள்ள தோபிகானாவில் துணி உலர்த்திக் கொண்டிருந்த நம்மவர்கள், தலைக்கு மேலே இரைச்சல் கேட்டதும் கயிற்றைப் பிடித்தபடியே அண்ணாந்து பார்ப்பார்கள். அதனை ஓட்டுபவன் நம் தெருப் பிள்ளையாக இருக்கக் கூடுமென்று அந்நாளில் எவரும் எண்ணியதில்லை.

இன்று எண்ணுகிறார்கள். எண்ணுவதோடு நில்லாமல் வீட்டுப் பத்திரத்தையும் கையில் எடுத்துக் கொண்டு எங்களிடம் வருகிறார்கள். ஆகவேதான் இந்தப் பொருளைப் பற்றிப் பேச வந்தோம்.

முதலில் எங்கள் குழுவின் பிழை ஒன்றை இந்த அவையின் முன் ஒப்புக் கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் தெரு இளைஞர் ஒருவர் விமானி உரிமம் பெற்று வந்தார். அடுத்த ஆண்டு விழாவிலேயே அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, "நம் சங்கத்தின் முதல் விமானி" என்று முழங்கினோம். கரவொலி எழுந்தது. ஆனால் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அடுத்து வந்த இரண்டு ஆண்டுகளும் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கெழுதினார். பொங்கல் விழாவுக்கும் வருவதில்லை. கோயில் பக்கமும் காணோம். ஏனென்று பின்னர் விசாரித்தபோது, காண்போரெல்லாம் "எந்தக் கம்பெனியில் ஓட்டுகிறாய், தம்பி?" என்று கேட்டார்கள் என்றார். அந்தக் கேள்வியை ஊரார் வாயில் வைத்தது எங்கள் பொன்னாடைதான்.

உரிமம் வேறு, உத்தியோகம் வேறு என்பதை அன்று நாங்கள் அறியவில்லை. அதனை அறிய அந்த இளைஞரிடமே இப்பொழுது பாடம் கேட்டோம். அவர் இன்று ஒரு வட்டார விமான நிறுவனத்தில் துணை விமானி.

அவர் சொன்னவற்றைச் சொல்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகமும் கணிதமும் படித்திருத்தல் வேண்டும். 18 வயது நிறைந்தால்தான் தொழில்முறை உரிமம். முதலில் மருத்துவப் பரிசோதனை. கண்ணாடி அணிவதால் குற்றமில்லை. நிறங்களைப் பிரித்தறியும் பார்வையில் குறையிருப்பின் வழியில்லை. பின்னர் வான்வழி நெறியியல், வானிலை, வான்போக்குவரத்து விதிகள், பொறியியல் ஆகிய தேர்வுகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எழுபது வாங்க வேண்டும். வானொலியில் பேசுவதற்குத் தனித் தேர்வு. இவற்றோடு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பணமெல்லாம் கரைவது இந்தப் பறத்தலிலேதான். மொத்தச் செலவு ஐம்பது இலட்சத்தைத் தொடும், தாண்டவும் செய்யும். உத்தரப் பிரதேசத்துப் புர்சத்கஞ்சில் மத்திய அரசின் பயிற்சிக் கூடமும், திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ராஜீவ் காந்தி பயிற்சிக் கூடமும் உள்ளன. தனியார் பள்ளியின் வண்ண விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் இவ்விரண்டையும் விசாரியுங்கள்.

இத்தனையும் முடிந்தால் கையில் உரிமம். ஆனால் நிறுவனங்கள் ஆள் எடுக்கும் காலமும் நம் பிள்ளை தேறிவரும் காலமும் பொருந்தி வரவேண்டுமே! விமானத் தொழில் மிளகு விலையைப் போன்றது. ஏறும்போது எல்லோரும் பயிரிடுகிறார்கள். அறுவடைக்கு வரும்போது விலை எங்கிருக்குமென்று எவருக்குத் தெரியும்? மதுரையைச் சேர்ந்த ஜவுளி நிறுவனத்தார் 2005 இல் தொடங்கிய பாரமவுண்ட் 2010 இல் நின்றது. சேலத்துக்கும் சென்னைக்கும் பறந்த ட்ரூஜெட் 2022 இல் நின்றது. பெரிய நிறுவனமான ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோது ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டிய விமானிகளே வேலை தேடி அலைந்தனர். இருநூறு மணி நேரக்காரர் அந்த வரிசையில் எங்கே நிற்பார் என்பதை நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள்.

காத்திருக்கும் காலத்திலும் செலவு நிற்பதில்லை. ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதிக்கு ஆண்டுதோறும் சோதனை. கைப்பழக்கம் விட்டுப் போகாமலிருக்க அவ்வப்போது வாடகை விமானத்தில் சில மணி நேரம். நம் இளைஞர் கிடங்கில் வாங்கிய சம்பளம் முழுவதும் இதற்கே போயிற்று. வீட்டுச் சோறு இருந்ததால் தாக்குப் பிடித்தார்.

ஒருநாள் அழைப்பு வந்தது. எழுத்துத் தேர்வு, மனப்பாங்குச் சோதனை, பொய்யறை ஒன்றில் அமர்த்தி ஓட்டச் சொல்லும் சிமுலேட்டர் சோதனை, நேர்முகம். நேர்முகத்தில், "இத்தனை நாள் என்ன செய்தீர்?" என்று கேட்டார்களாம். "மிளகுக் கணக்கு எழுதினேன்" என்றாராம். அதன் பிறகு மிளகைப் பற்றியே பத்து நிமிடம் பேசினார்களாம்! தேர்வான பின்னும் உடனே ஓட்ட விடுவதில்லை. குறிப்பிட்ட விமான வகைக்கென்று தனிப் பயிற்சி உண்டு; இச்செலவும் சில இடங்களில் தேர்வானவர் தலையிலேயே விழும். சில ஆண்டுகள் விலகலாகாதென்று ஒப்பந்தமும் எழுதுவதுண்டு. எனவே கையெழுத்திடுமுன் வழக்கறிஞரிடம் காட்டுக.

வட்டார விமானம் என்றால் சிலர் முகஞ்சுளிக்கிறார்கள். "விசிறி வைத்த விமானமா?" என்கிறார்கள். ஏடிஆர் 72 என்னும் அந்த விசிறி விமானம் எழுபது பேரை ஏற்றிக் கொண்டு மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் செல்லும். பெரிய ஜெட் விமானங்கள் மழை மேகத்துக்கு மேலே ஏறிப் போக, இது 25,000 அடிக்கு மேல் ஏறுவதில்லை. ஆகவே ஜூன், ஜூலை மாதங்களில் நம்மூர் மேகத்தின் ஊடேயும் ஓரத்திலேயும் வழி தேடித்தான் செல்ல வேண்டும். குறுகிய தூரங்கள் என்பதால் ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்குவதுண்டு. தொழில் கற்க இதைவிடச் சிறந்த பள்ளி இல்லை என்பதே அவர் கருத்து. எங்களுக்கும் அது சரியென்றே படுகிறது.

கொச்சியிலிருந்து அரசாங்கத்தின் அலையன்ஸ் ஏர் நடத்தும் அகத்தி விமானத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். கடலின்மீது சுமார் 450 கிலோமீட்டர். இலட்சத்தீவுக் கூட்டத்தில் பிரயாணி விமானம் இறங்கும் ஓடுபாதை அது ஒன்றே. நெடும்பாசேரி ஓடுபாதையின் நீளம் 3,400 மீட்டர். அகத்தியில் ஏறத்தாழ 1,200 மீட்டர்தான், இருபுறமும் கடல். அங்கே மழை மூடிக் கொண்டால் பக்கத்தில் ஒதுங்க வேறிடம் இல்லை. எனவே திரும்பி வருவதற்கான எரிபொருளையும் சுமந்தே புறப்பட வேண்டும். எரிபொருள் கூடினால் ஆள் எண்ணிக்கையும் மூட்டையும் குறையும். சிகிச்சைக்காகக் கொச்சி வந்து ஊர் திரும்பும் தீவு மக்கள் அந்த இருக்கைகளுக்காகக் காத்திருப்பார்கள். இந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும் போட வேண்டும். நாளும் ஒரே விடை வராது.

2023 அக்டோபரில் பெங்களூர், சேலம், கொச்சி என்று அதே நிறுவனம் ஓர் ஏடிஆர் சேவையைத் தொடங்கியபோது, சேலத்தைச் சொந்த ஊராகக் கொண்ட நம் குடும்பங்களில் எத்தனை மகிழ்ச்சி என்பது நினைவிருக்கும். பெரிய கம்பெனிகள் எட்டிப் பாராத ஊர்களை இத்தகைய சிறு விமானங்களே இணைக்கின்றன.

வேலை நாள் எப்படியென்று தாய்மார்கள் கேட்டிருந்தீர்கள். பின்னிரவு மூன்று மணிக்கு எழ வேண்டியிருக்கும். நிலையம் சேர்ந்ததும் மூச்சுப் பரிசோதனை. துளி மதுவும் இருத்தலாகாது. இங்கே ஓர் எச்சரிக்கை. பிள்ளை இளைத்து விட்டானென்று தசமூலாரிஷ்டம் ஊட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அரிஷ்டத்தில் இயற்கையாகவே சாராயச் சத்து இருக்கிறது. அத்தகைய மருந்தும், வாய் கொப்புளிக்கும் நீரும் கூடாதென்று 2023 இல் விதியே வந்து விட்டது. அவ்விளைஞரின் அன்னையார் இப்பொழுது கஞ்சியோடு நிறுத்திக் கொண்டார்.

பின்னர் கைவிளக்கோடு மழையிலே விமானத்தைச் சுற்றி வந்து சோதித்தல். ஒருவர் ஓட்டினால் மற்றவர் வானொலியையும் கருவிகளையும் கவனிப்பார். ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்க விதி இடங்கொடாது. வார ஓய்வு 36 மணியாக இருந்தது, 2025 இல் 48 மணியாயிற்று. தீபாவளியோ பொங்கலோ அட்டவணைக்குத் தெரியாது.

இனி, பத்திரத்தோடு வந்த குடும்பத்தின் செய்தி. அவர்கள் வந்தது மகளுக்காக. "பெண்ணுக்கு இது தகுமா?" என்று உறவினர் கேட்டார்களாம். 1950 இல் சென்னை அரசாங்கம் வாங்கிய சிறு விமானத்தை, உஷா சுந்தரம் அம்மையார் தம் கணவரோடு இலண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கொணர்ந்தார். 1985 இல் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு, முழுதும் பெண்களே பணிபுரிந்த விமானத்தைச் சௌதாமினி தேஷ்முக் ஓட்டிச் சென்றார். அதுவும் விசிறி விமானமே. எனவே அந்தக் கேள்வியில் நாங்கள் நேரம் போக்கவில்லை.

பத்திரத்தைப் பற்றித்தான் பேசினோம். கடன் வாங்குமுன் மருத்துவப் பரிசோதனையை முடிக்கச் சொன்னோம், தேறி விட்டாள். அடுத்து, வீட்டிலிருந்தபடியே எழுதக் கூடிய தேர்வுகளை எழுதச் சொன்னோம். உரிமம் வந்தபின் மூன்று ஆண்டு வேலையின்றிக் கடன் வட்டி கட்ட முடியுமா என்று தகப்பனாரைக் கணக்குப் போடச் சொன்னோம். முழு வீட்டுக்கும் முடியாது, பாதித் தொகைக்கு முடியும் என்றார். மீதிக்கு அரசு உதவியும் வங்கிக் கல்விக் கடனும் சங்க நிதியும் எவ்வளவு ஈடு கொடுக்கும் என்பதைச் செயற்குழு வரும் கூட்டத்தில் முடிவு செய்யும். பத்திரம் இன்னும் அவர்கள் அலமாரியில் இருக்கிறது.

அந்தப் பெண் இப்பொழுது இந்த அவையில் மூன்றாம் வரிசையில் தாயாரோடு அமர்ந்திருக்கிறாள். இன்று பொன்னாடை கிடையாது. விருந்தின்போது அவளோடு பேச விரும்புவோர் எந்தக் கம்பெனி என்று கேட்க வேண்டாம். வானிலைத் தேர்வு எந்த மாதம் என்று கேளுங்கள். சொல்வாள்.