விதி எல்லார்க்கும் ஒன்றா?

(பரிசளிப்பு விழாவில் விளையாட்டுப் பொறுப்பாசிரியர் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்று தலைமையாசிரியர் பணித்தார். உடற்பயிற்சி உடம்புக்கு நல்லது, ஓடி விளையாடுங்கள் என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடலாம். பிள்ளைகளும் அதைத்தான் விரும்புவார்கள். அவர்கள் கண் மிட்டாய்ப் பொட்டலத்தின் மேல் இருக்கிறது. ஆனால், ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் யார் ஓடலாம், யார் ஓடக்கூடாது என்று முடிவு செய்கிற ஒரு காகிதம் இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறப்புப் பத்திரத்தைத்தான் சொல்கிறேன்.

2025ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் நம் நாட்டுக் காற்பந்துக் குழு வியட்நாமை 4-0 என்று வென்றது. ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டம் அது. அன்றிரவு லயத்து வீடுகளில் எழுந்த சத்தம் உங்களுக்கே நினைவிருக்கும். மறுநாள் வகுப்பில் பாடம் நடக்கவில்லை. பையன்கள் எல்லாம் ஃபிகெய்ரெடோ, ஓல்காடோ என்று கோல் போட்டவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே திரிந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் நம் ஜோகூர் ஜே.டி.தி. சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வருகிறவர்கள். அந்த ஜே.டி.தி. குழுவில் ஆடிய மூவரும் புதிதாகக் குடியுரிமை பெற்ற ஏழு ஆட்டக்காரர்களில் இருந்தார்கள்.

இங்கே ஒரு விதியைச் சொல்லவேண்டும். வேறொரு நாட்டில் பிறந்தவர் நம் நாட்டுக்கு ஆடவேண்டுமென்றால் பாஸ்போர்ட் மட்டும் போதாது. அவருடைய அப்பாவோ அம்மாவோ, தாத்தாவோ பாட்டியோ இந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் பல ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பிஃபா என்னும் அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் வகுத்த விதி இது. என்னைக் கேட்டால் நல்ல விதிதான். இல்லையென்றால் பணமுள்ள நாடெல்லாம் சந்தையில் மீன் வாங்குவதுபோல ஆட்டக்காரர்களை வாங்கிக்கொண்டு போய்விடும்.

ஆட்டம் முடிந்த கையோடு பிஃபாவுக்குப் புகார் போயிற்று. அவர்கள் விசாரித்தார்கள். ஏழு பேருக்கும் தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகப் பத்திரம் கொடுக்கப்பட்டிருந்தது. பினாங்கு, மலாக்கா, கூச்சிங் என்று ஊர்ப்பெயர்கள். பிஃபா அந்தந்த நாட்டிலிருந்தே மூலப் பத்திரங்களை வரவழைத்துப் பார்த்தபோது, அவர்கள் பிறந்த ஊர்கள் அர்ஜென்டினாவிலும் ஸ்பெயினிலும் பிரேசிலிலும் நெதர்லாந்திலும் இருந்தன. ஃபிகெய்ரெடோவின் பாட்டி ஜோகூரில் பிறந்தவர் என்று ஒரு பத்திரம் சொன்னது. உண்மையில் அந்த அம்மாள் பிறந்தது பிரேசிலில் உள்ள ஆப்ரே காம்போ என்னும் ஊரில்.

2025 செப்டம்பரில் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம் விதிக்கப்பட்டது. நம் பணத்தில் ஏறக்குறைய 18 இலட்சம் ரிங்கிட். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் 2,000 பிராங்க் அபராதமும் 12 மாதத் தடையும் விதித்தார்கள். நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. பிறகு வழக்கு சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போனது. சங்கம் இதை நிர்வாகத்தில் நேர்ந்த பிழை என்றே சொல்லிவந்தது.

அபராதம் பெரிதா சிறிதா என்பதை விடுங்கள். தீர்ப்பில் இருந்த ஒரு செய்திதான் என்னை உறங்கவிடவில்லை. நம் பதிவுத் துறையிடம் அந்தத் தாத்தா பாட்டிகளின் கையெழுத்து மூலப் பத்திரம் இருக்கவில்லை. வேறு தகவல்களை ஆதாரமாகக் கொண்டே படி வழங்கப்பட்டது என்று அதில் கண்டிருந்தது. குடியுரிமை கேட்பவர் 12 ஆண்டுகளில் 10 ஆண்டு இங்கே குடியிருக்கவேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறது. அதில் தமக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தியதாக உள்துறை அமைச்சர் 2025 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் விளக்கம் கொடுத்தார். சட்டத்தில் இடமிருக்கிறது என்றார். இருக்கட்டும். அந்த இடம் நம்மவர்களுக்கு ஏன் கண்ணில் படுவதில்லை என்பதுதான் என் கேள்வி.

என் பாட்டி குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வீட்டில், மருத்துவச்சி கையில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலம். கிழங்கு தின்று உயிர் பிழைத்த நாளில் யார் போய்ப் பிறப்பைப் பதிவது? பின்னாளில் கிராணியார் எழுதிய செக்ரோல் புத்தகத்தில் பாட்டி பெயர் இருந்தது. சர்க்கார் புத்தகத்தில் இல்லை. நாற்பது வருஷம் பால்மரம் சீவினார். சாகும்வரைக்கும் அவருக்குச் சிவப்பு அடையாளக் கார்டுதான். எத்தனை முறை மனுப் போட்டார் தெரியுமா? ஒவ்வொரு முறையும் “ஒரிஜினல் கொண்டு வா” என்றார்கள். இல்லாத ஒரிஜினலுக்கு அவர் எங்கே போவார்? ஜோகூரில் பிறக்காத பாட்டிக்கு ஜோகூர் பத்திரம் கிடைத்திருக்கிறது. ஜோகூரில் பிறந்து ஜோகூர் மண்ணிலேயே மடிந்த பாட்டிக்குக் கிடைக்கவில்லை.

வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நம் முன்னோரும் ரஜூலா கப்பலேறி வந்தவர்கள்தானே? வந்தவரை வேண்டாம் என்று சொல்கிற வாய் நமக்கு இருக்கக்கூடாது. நான் கேட்பது விதியை. அது ஆளைப் பார்த்து வளையலாமா?

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. கிழக்குத் திமோர் என்று ஒரு சின்ன நாடு. 2015இல் புக்கிட் ஜாலிலுக்கே வந்து நம்மோடு 1-1 என்று சமநிலை கண்ட குழு. பிரேசிலில் பிறந்த 12 பேரைப் பொய்யான பிறப்பு, ஞானஸ்நானப் பத்திரங்களைக் காட்டி ஆடவிட்டதாக 2017இல் ஆசியக் காற்பந்துச் சம்மேளனம் கண்டது. அவர்கள் ஆடிய 29 ஆட்டங்களைத் தோல்வி என்று அறிவித்து, 2023 ஆசியக் கிண்ணப் போட்டியிலிருந்தே விலக்கி வைத்தார்கள். ஈக்வடார் கதை வேறு. 2022இல் அந்த நாட்டு ஆட்டக்காரர் ஒருவரின் பாஸ்போர்ட்டில் பொய்த் தகவல் இருந்ததாக விளையாட்டு நடுவர் மன்றமே சொன்னது. என்றாலும் அந்நாட்டுச் சட்டம் அவரைத் தன் குடிமகனாக ஏற்பதால் ஆடியது செல்லும் என்றார்கள். 1,00,000 பிராங்க் அபராதம், அடுத்த தகுதிச் சுற்றில் 3 புள்ளி கழிவு, அவ்வளவுதான். ஈக்வடார் கத்தாருக்குப் போய் உலகக் கிண்ணத்தில் ஆடியது. வழக்கு நுணுக்கம் வேறு வேறு என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு சட்டம் தெரியாது. ஆனால் நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்த இரண்டையும் சொல்லிப் பாருங்கள்; “ஏன் சார் அவங்களுக்கு மட்டும்?” என்று கேட்கும்.

சரி, நம் மைதானத்துக்கு வருவோம்.

ஒரு போட்டியில் நடந்தது இது. எந்தப் போட்டி, எந்த ஆண்டு என்று சொல்லப்போவதில்லை. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. 100 மீட்டரில் அவளை முந்த நம் பள்ளியில் பையன்களே கிடையாது. பதிவு மேசையில் மைகிட் கேட்டார்கள். அவளுக்கு இல்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு இல்லை. அம்மாவுக்குக் குடியுரிமையும் இல்லை. விதிப்படி முடியாது என்றார்கள். விதி விதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து நிமிடம் முன்னால் அதே மேசையில் வேறொரு குழு இரண்டு பிள்ளைகளின் நகல் இல்லாமல் வந்தது. “பிறகு கொண்டு வந்து கொடுங்கள்” என்று எண் துணியைக் கொடுத்து அனுப்பியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த நகல் பிறகு வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்போது உடன் வந்த ஒருவர் என் காதில், “சார், வேற புள்ள பேர்ல ஓட விட்டுடலாம், யாரு பாக்கப்போறா?” என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்று தொடங்கினாலும் அதுவும் பொய்ப் பத்திரம்தானே? மேலே இருப்பவர்கள் பெரிதாகச் செய்ததை நாம் சிறிதாகச் செய்ததாக ஆகும். அவள் அன்று முழுதும் கூடாரத்தில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளின் சப்பாத்துகளைக் காவல் காத்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நம்மவர்களையும் இந்த இடத்தில் விடமுடியாது. தோட்டத்துத் தீபாவளிக் கிண்ணக் காற்பந்தில் 12 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் குழுவில் மீசை அரும்பிய பையன் வந்து நிற்கிறான். கேட்டால், “விடுங்க வாத்தியாரே, சும்மா விளையாட்டுத்தானே” என்கிறீர்கள். பக்கத்துத் தோட்டம் அதையே செய்தால் மட்டும் சண்டைக்குப் போகிறீர்கள். சென்ற தீபாவளிக்கு நாற்காலி பறந்தது எதனால் என்று இங்கே முன்வரிசையில் இருக்கும் சில அண்ணன்மார்களுக்குத் தெரியும். (சிரிக்கிறார்கள்.)

1980இல் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதே நம் குழு, அதில் கோல் காத்தவர் நம் ஆறுமுகம். புறக்கணிப்பினால் மாஸ்கோவுக்குப் போகமுடியாமல் போனது வேறு கதை. இந்த மைதானத்திலிருந்தும் அப்படி ஒரு பிள்ளை வரும் என்று நான் நம்புகிறேன். அன்று அந்தப் பிள்ளையின் கையில் பத்திரம் இருக்கவேண்டும். மேலே விதியை யாருக்கு வளைப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. நம் பிள்ளையை விதி தடுக்காமல் பார்ப்பதில் பாதியாவது நம் கையில் இருக்கிறது.

ஆகவே பெற்றோர்களே, குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதியுங்கள். தாண்டினால் தாமதப் பதிவு, சாட்சி, விசாரணை என்று அலையவேண்டி வரும். பத்திரம் கையில் கிடைத்ததும் பெயரின் எழுத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் என்னிடம் கொடுங்கள். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. 1982 மார்ச்சிலிருந்து நம்மவர்கள் திருமணத்தைப் பதியவேண்டும் என்பது சட்டம். பதியாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பார்த்துத்தான் கணிக்கப்படும். தாய்க்கு இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை. தகப்பன் நீலக் கார்டு வைத்திருந்தாலும் அப்போது பயன்படாது. அந்தப் பெண் கூடாரத்தில் உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் ஒரு நல்ல காரியத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணியிலிருந்து ஆறாம் வகுப்பு அறையில் நானும் இரண்டு ஆசிரியைகளும் உட்கார்ந்திருப்போம். பிள்ளையின் பத்திரம், உங்கள் அடையாளக் கார்டு, திருமணப் பத்திரம், எது இருக்கிறதோ அதைக் கொண்டு வாருங்கள். ஒன்றுமே இல்லாதவர்கள் கட்டாயம் வாருங்கள். உங்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு. பாரம் நாங்கள் எழுதித் தருகிறோம், பதிவு அலுவலகத்துக்கும் கூட வருகிறோம். அந்த மாணவியின் மனுவைத்தான் முதலில் எழுதப்போகிறோம். கிழிந்த பத்திரமாக இருந்தாலும் அப்படியே கொண்டு வாருங்கள், ஒட்டவேண்டாம், பிளாஸ்டிக் போடவும் வேண்டாம்.