பாலர் கல்வியும் இலத்திரனியற் கல்வியும்

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

மதிப்பிற்குரிய அக்கிராசனர் அவர்களே, ஜிந்துப்பிட்டி வாழ் சைவப் பெரியோர்களே, தாய்மார்களே, மன்றத்துச் சகோதர சகோதரிகளே!

கல்லூரிப் படிப்பும் எம் இளைஞரும் என்பது இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். பொருளோ பெரிது, நேரமோ சிறிது. ஆதலால் எமது வீடுகளிலே அதிகம் மதிக்கப்படாத இரண்டு படிப்புகளை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, முன்பள்ளி ஆசிரியர்க்குரிய பாலர் கல்விப் படிப்பு. மற்றது, இலத்திரனியல் தொழில்நுட்பப் படிப்பு.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளில் எமது தெருக்களில் நடப்பதை யாவரும் அறிவீர்கள். வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவானவர் வீட்டிலே பொங்கல். அயல் வீட்டிலே மௌனம். பரீட்சையிற் சித்தியடைந்தவர்களிலும் பெரும்பாலானோர்க்கு அரச பல்கலைக்கழகங்களில் இடம் இல்லை. சில வாரம் சென்றபின், "பெண்பிள்ளை தானே, ஒரு நேர்சரியிலே படிப்பிக்கட்டும்" என்றும், "பெடியன் போன் திருத்தப் பழகட்டும்" என்றும் முடிவு செய்யப்படுகிறது. வேறு வழியில்லாதவர்க்குரிய படிப்புகள் இவை என்பதே அம்முடிவின் உட்கருத்து. அக்கருத்துப் பிழையானது என்பதையே நான் இங்கு சொல்ல விழைகின்றேன்.

முதலிலே பாலர் கல்வியைப் பார்ப்போம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நாம் ஓயாமற் சொல்கிறோம். ஆனால் அந்த ஐந்து வயதுக்குள் பிள்ளையை வளர்த்தெடுப்பவருக்கு என்ன படிப்பு வேண்டும் என்று கேட்பதில்லை. இலங்கையிலே 1945ஆம் ஆண்டு தொடக்கம் இலவசக் கல்வி உண்டு. ஆயினும் அரசாங்கப் பாடசாலை முதலாம் வகுப்பிலேதான் பிள்ளையை ஏற்கிறது. அதற்கு முற்பட்ட முன்பள்ளிகளிற் பெரும்பாலானவை தனியாராலும் சங்கங்களாலும் சமய நிறுவனங்களாலும் நடத்தப்படுபவை. எனவே பிள்ளையின் முதல் ஆசிரியர் எத்தகையவர் என்பது பெற்றாரும் ஊராரும் கவனிக்கவேண்டிய விடயமாகிறது.

அந்த ஆசிரியர் பாட்டும் விளையாட்டும் அறிந்திருந்தாற் போதாது. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளையைக் குழப்படிக்காரன் என்று தண்டிப்பவர் படியாதவர்; காது கேட்கிறதா என்று முதலிற் சோதிக்கச் சொல்பவர் படித்தவர். நாலு வயதாகியும் தெளிவாகப் பேசாத பிள்ளையை உரிய காலத்தில் வைத்தியரிடம் அனுப்பினால், அப்பிள்ளையின் வாழ்வே திசைமாறும்.

இனி இலத்திரனியல். முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனால் இலத்திரனியற் பொருள் விற்கும் கடைகளை வரிசையாகக் காணலாம். பொருளை விற்பது வேறு, அதன் உள்ளே நடப்பதை அறிவது வேறு. பழுதான பெட்டி ஒன்றைத் திறந்து, ஊகத்தினாலே பலகை முழுவதையும் மாற்றுபவர் ஒருவர். மல்ரிமீற்றரைப் பிடித்து, மின் எவ்விடம் வரை வருகிறது, எவ்விடத்தில் நிற்கிறது என்று படிப்படியாக அளந்து, சில ரூபாய் பெறுமதியான ஒரு தடையியை மாத்திரம் மாற்றுபவர் இன்னொருவர். பின்னவரிடம் இருப்பது கைப்பழக்கம் மாத்திரமன்று, பௌதிகமும் கணிதமும் ஆகும். எமது வீட்டு மின் 230 வோல்ற்று. அதனை நேரோட்டமாக்கிக் கொள்ளளவியிலே சேர்க்கும்போது ஏறத்தாழ 325 வோல்ற்று நிற்கும். செருகியைக் கழற்றிய பின்னரும் அது சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். இதனை அறியாது உள்ளே கைவைப்பவருக்கு உயிராபத்து நேரலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் முடிவிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நடந்ததே! புதுப்பொருள் வாங்க வழியின்றி யாவரும் தவித்த அக்காலத்தில், பழையதைத் திருத்தத் தெரிந்தவரின் அருமையை நாம் கண்டோம்.

இந்த இரண்டு படிப்புகளும் ஒன்றுக்கொன்று தொலைவானவை என்று எண்ணவேண்டாம். மரியா மொண்டிசோரி அம்மையாரின் பெயர் எமது தெருக்களின் பெயர்ப்பலகைகளிலே காணப்படுவது. அவர் இத்தாலியிலே ஆண்பிள்ளைகள் பயின்ற தொழில்நுட்பப் பாடசாலையிற் படித்து, பொறியியலாளராக வர விரும்பியவர். பின்னர் 1896ஆம் ஆண்டில் வைத்தியராகி, 1907ஆம் ஆண்டிலே ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் முதலாவது பாலர் இல்லத்தைத் திறந்தார். 1944ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வந்து, பிள்ளையின் முதல் மூன்று வயதைப்பற்றி விரிவுரைகள் ஆற்றினார். பிள்ளை விரலால் தடவி எழுத்தறியும்படி உரத்த தாளிலே அவர் எழுத்துகளை வெட்டிவைத்தார். விஜயதசமியன்று அரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து ஏடு தொடக்கும் எமக்கு அதன் காரணத்தை விளக்கவும் வேண்டுமோ?

எம்மவர் ஒருவரையும் நினைவுகூர வேண்டும். சுவாமி விபுலாநந்தர் கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். மிஷன் பாடசாலையிற் பயின்ற எனக்கு இது தனி மகிழ்ச்சி தருவது. அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, 1916ஆம் ஆண்டில் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அங்கு கற்ற விஞ்ஞானம் அவரது தமிழைக் குறைக்கவில்லை. பழந்தமிழர் யாழின் சுருதிகளைக் கணிதத்தால் ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டிலே 'யாழ் நூல்' தந்தார். 1893இல் தொடங்கிய அக்கல்லூரி மருதானையிலே, இங்கிருந்து சிறிது தூரத்திலேயே இருக்கிறது. அதன் வாசலை மிதியாத இளைஞர் எம்மிடையே எத்தனை பேர்!

இனிச் செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலாவது, பணம் கட்டுமுன் விசாரித்தல். வண்ணத் தாளிலே விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் பல. பெருந்தொகை கொடுத்துப் பெற்ற சான்றிதழை எவரும் ஏற்காததாற் திகைத்து நிற்போர் எம்மிடையே உளர். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதியப்பட்ட நிறுவனமா, தேசிய தொழிற்தகைமையில் எத்தனையாம் நிலை என்று கேளுங்கள். ஏழு நிலைகள் உண்டு: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். கடையிலே ஏற்கெனவே தொழில் பழகியவரின் திறனைச் சோதித்துத் தகைமை வழங்கும் முறையும் உண்டு. முன்பள்ளி ஆசிரியர்க்கு நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்திலும் படிப்பு உண்டு.

இரண்டாவது, தமிழ்மொழியில் நடக்கும் வகுப்புகள் கொழும்பிலே குறைவு. இதைத் தனியொருவர் கேட்டால் ஒருவரும் செவிசாய்க்கார், மன்றம் கேட்கவேண்டும். பெறுபேறு வெளிவரும் வாரத்திலே எமது மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, வழிகேட்டு வருவோர்க்கு இவ்விபரங்களைத் தமிழிலே கூறவும் வேண்டும்.

மூன்றாவது, பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். முன்பள்ளி ஆசிரியையின் சம்பளத்தைக் கைச்செலவுக் காசாக எண்ணவேண்டாம். உழைப்புக்குத் தக்கபடி கொடுங்கள். பெண்பிள்ளை பற்றாசுக் கோல் பிடிக்க விரும்பினால் தடுக்கவேண்டாம். ஆண்பிள்ளை பாலர்க்குக் கற்பிக்க விரும்பினாற் சிரிக்கவேண்டாம்.

இரு படிப்பும் சந்திக்கும் இடம் ஒன்று எம் வீட்டுக்குள்ளேயே உண்டு. சோறு ஊட்டுவதற்காகக் குழந்தையின் கையிலே தொலைபேசியைக் கொடுக்கிறோம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிற் கூறியது. கருவியை அறிந்தவரும் குழந்தையை அறிந்தவரும் சேர்ந்து எடுத்துரைத்தாலன்றித் தாய்மார் இதனை ஏற்பது கடினம்.

நவராத்திரியிலே கலைமகள் திருமுன் ஏட்டையும் ஆயுதத்தையும் ஒன்றாகவே வைத்து வழிபடுகிறோம். அப்படியிருக்க, எம் பிள்ளைகளின் படிப்பிலே மாத்திரம் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது முறையாகுமோ? அடுத்த பெறுபேறு வெளிவருமுன் அந்த மேசையை எமது மண்டபத்திலே காண எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் புரிவாராக.