மருத்துவர் தாராவும் மருத்துவப் பேருந்தும்



பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் மனநோய் கண்டவரை நாம் நெடுங்காலம் கோயிலுக்கே அழைத்துச் சென்றோம். அறியாமை மட்டும் காரணமன்று. திருச்சிக்குச் சென்றால் நோயாளியின் கூலியோடு துணைக்குப் போனவரின் கூலியும் போயிற்று.

சென்னை மனநல மருத்துவர் ஆர். தாரா, மனச்சிதைவு நோய் புதிதாகக் கண்ட 90 பேரை 1981இல் தொடங்கிய ஆய்வின் வழி இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். நம் சங்கத்தின் வயது அது! 1984இல் மருத்துவர் சாரதா மேனனுடன் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர்.

அந்நிறுவனம் 2010இல் புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளி பேருந்தில் அமர்வார். சென்னை மருத்துவர் திரையில் தோன்றி உரையாடுவார். மருந்தும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். பயிற்சி பெற்ற அவ்வட்டாரப் பணியாளர்கள் ஊர் ஊராய்ச் சென்று நோயாளிகளைக் கண்டறிந்திராவிடில் அது வெறுந்திரையே.

2022 முதல் 14416 என்ற தொலைபேசி எண்ணில் அரசின் டெலி மானஸ் கட்டணமின்றி மனநல ஆலோசனை தருகிறது. நம் தெருக்களில் எத்தனை பேர் இதனை அறிவர்? சங்கச் சுவரில் இன்றே எழுதுவோம். உளவியலோ மனநலச் செவிலியமோ பயில விழையும் பிள்ளைகள், விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் தருக.