தண்ணீர் முதலில், தண்ணீர் கடைசியில்



2024 ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கில் அறிவிக்கப்பட்ட தண்ணீர்த் தடை உங்களுக்கு நினைவிருக்கும். சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு வேலை. நம் கெலுகோரை ஒட்டி, பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் இருக்கும் சுங்கை டுவாவைச் சொல்லவில்லை. இது செபராங் பிறையில் இருப்பது. அங்கே சுத்தமாகும் தண்ணீர்தான் கடலடிக் குழாய் வழியாகத் தீவுக்கும் வருகிறது. வீடுகளில் வாளியையும் டிரம்மையும் நிரப்பி வைத்தோம். சமையலுக்கு எவ்வளவு, குளிக்க எவ்வளவு என்று கணக்குப் போட்டோம்.

இப்படி ஒரு தடை அறிவிப்பு வந்தால், பெரிய கட்டடங்களைப் பராமரிக்கிறவர்களுக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துவிடும். ஏர்கோன் ஓடுமா?

தண்ணீர் வராததற்கும் ஏர்கோனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஏர்கோனுக்குத் தண்ணீர் வேண்டாம்தான். பேரங்காடி, மருத்துவமனை, விடுதி, தொழிற்சாலை போன்ற இடங்களில் பெரும்பாலும் குளிர் உண்டாவது சில்லர் என்ற பெரிய இயந்திரத்தில். லாரி அளவுக்கு இருக்கும். கீழ்த்தளத்திலோ கட்டடத்தின் பின்பக்கத்திலோ ஒரு பிளான்ட் ரூமில் இரைந்துகொண்டிருக்கும். அதற்குள் இரண்டு தண்ணீர் ஓட்டங்கள் உண்டு. ஒன்று குளிர்ந்த தண்ணீர். ஏறத்தாழ 7 டிகிரியில் புறப்பட்டு, மாடி மாடியாகச் சுற்றி, அறைகளின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு 12 டிகிரியில் திரும்பி வரும். இன்னொன்று வெந்நீர் ஓட்டம். வாங்கி வந்த வெப்பத்தை எங்காவது கொட்ட வேண்டுமே. வீட்டுப் பிரிட்ஜின் பின்பக்கம் சூடாக இருப்பதுபோல சில்லருக்கும் ஒரு சூடான பக்கம் உண்டு. அந்தச் சூட்டைச் சுமந்து மொட்டைமாடிக்குப் போகும் தண்ணீர், அங்கே கூலிங் டவரில் மழைபோலச் சொரியும். கொஞ்சம் ஆவியாகும், மிச்சம் குளிர்ந்து கீழே திரும்பும்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு தெரியுமா? 500 டன் குளிரூட்டும் திறனுள்ள சில்லர் ஒன்று முழு வேகத்தில் ஓடினால், ஆவியாகப் போவது மட்டும் மணிக்குச் சுமார் 3,000 லிட்டர். உப்பும் அழுக்கும் சேராமல் இருக்க வடித்துவிடும் தண்ணீர் தனி. இதை ஈடுகட்டக் குழாய்த் தண்ணீர் வராவிட்டால் டவர் தொட்டியில் மட்டம் இறங்கும். பம்ப் காற்றை இழுக்கும். சில்லரின் சூடான பக்கத்தில் அழுத்தம் ஏறி, பாதுகாப்புச் சுவிட்ச் இயந்திரத்தைச் சட்டென நிறுத்திவிடும். முழுச் சுமையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிடும் என்பதுதான் சிக்கல்.

இன்று நான் பேச வந்தது இந்த நிறுத்தத்தைப் பற்றி. சில்லரை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்கள் எப்படித் தொடங்குவது என்று நாள் முழுக்கச் சொல்வார்கள். எப்படி நிறுத்துவது என்பதற்குக் கடைசி ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். ஆனால் பெரிய சேதங்கள் பல, நிறுத்தும்போதும் நிறுத்தியதை அவசரமாக மறுபடி தொடங்கும்போதும்தான் நேர்கின்றன.

தொடங்கும் முறை எளிது. முதலில் குளிர்நீர் பம்ப். அடுத்து டவருக்குப் போகும் தண்ணீரின் பம்ப். பிறகு டவர் விசிறி. இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடுகிறது என்று உறுதியான பிறகுதான் குளிரூட்டும் கேஸை அழுத்தும் கம்ப்ரசர். நிறுத்தும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் சுமையைக் குறைக்க வேண்டும். பிறகு கம்ப்ரசரை நிறுத்த வேண்டும். அது சுழன்று அடங்கும்வரை எண்ணெய் பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு அந்த எண்ணெய்தான் உயிர். தண்ணீர் பம்புகள் இன்னும் சில நிமிடங்கள் ஓடட்டும். கடைசியாக நிற்க வேண்டியது குளிர்நீர் பம்ப். சுருக்கமாகச் சொன்னால், தண்ணீர் இயந்திரத்துக்கு முன்னே வர வேண்டும், இயந்திரத்துக்குப் பின்னே போக வேண்டும்.

ஏன் இந்த வரிசை? சில்லரின் குளிர்ந்த பக்கத்தில் நூற்றுக்கணக்கான செப்புக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே தண்ணீர், வெளியே கொதித்துக்கொண்டிருக்கும் குளிரூட்டும் கேஸ். ஓடும் தண்ணீர் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் கேஸின் வெப்பநிலை உறைநிலைக்கு மேலேயே நிற்கிறது. கம்ப்ரசர் ஓடும்போது தண்ணீர் நின்றுபோனால் அந்த வெப்பம் வராது. வெப்பநிலை சில நிமிடங்களிலேயே பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் பனிக்கட்டியாகும். உறையும் தண்ணீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். செம்பு கிழியும். பிறகு கேஸ் தண்ணீரில் கலக்கும், அல்லது தண்ணீர் கேஸ் பக்கம் புகும். புகுந்த தண்ணீர் எண்ணெயோடும் கேஸோடும் சேர்ந்து அமிலமாகி, மோட்டார் சுருளைக்கூட அரித்துவிடும். ஒரு நிமிட அவசரத்துக்கு விலை, பல மாதப் பழுதுபார்ப்பு.

இதைத் தடுக்கத்தான் ஃபுளோ சுவிட்ச் இருக்கிறது. தண்ணீர் ஓட்டம் குறைந்தால் கம்ப்ரசரை நிறுத்திவிடும். அது அடிக்கடி தொந்தரவு தருகிறது என்று சிலர் ஒரு துண்டு ஒயரைப் போட்டு அதைத் தாண்டிவிடுகிறார்கள். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். அந்தத் துண்டு ஒயரைப் போல ஆபத்தானது அந்த அறையில் வேறொன்றும் இல்லை. சுவிட்ச் பழுதென்றால் மாற்றுங்கள். பழுதில்லை என்றால் அது சொல்வதைக் கேளுங்கள்.

பழுதுபார்ப்பதற்காகக் கேஸை வெளியே எடுக்கும் வேலையிலும் இதே உறையும் அபாயம் உண்டு. 134ஏ வகைக் கேஸ் என்றால், அழுத்தமானி ஏறத்தாழ 28 பிஎஸ்ஐக்குக் கீழே போனதுமே அது பூஜ்யம் டிகிரிக்குக் கீழே கொதிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் குழாய்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் முழுதாக வடித்திருக்க வேண்டும். எடுத்த கேஸைச் சிலிண்டரில்தான் சேர்க்க வேண்டும். காற்றில் விட்டால், அது கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும்.

சரி, நிறுத்தியாயிற்று. மெயின் சுவிட்சையும் அணைத்துவிடலாமா? மின்கட்டணம் மிச்சம் என்று நினைத்து அணைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய்த் தொட்டியில் ஒரு சிறிய ஹீட்டர் உண்டு. சில்லர் சும்மா இருக்கும்போதும் அது எண்ணெயைச் சூடாக வைத்திருக்க வேண்டும். எண்ணெய் குளிர்ந்தால் கேஸ் அதில் கரைந்துவிடும். மறுநாள் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அழுத்தம் இறங்க, எண்ணெய் நுரைத்துப் பொங்கும். பேரிங்குக்குப் போவது நுரைதான், எண்ணெய் அல்ல. ஆகவே சில நாள் நிறுத்தம் என்றால் ஹீட்டரின் மின்சாரத்தை விட்டுவைக்க வேண்டும். அணைந்திருந்தால், தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே போட வேண்டும்.

திறந்து பழுதுபார்க்கும் வேலைக்குச் சட்டம் வேறு. அப்போது மின்சாரம் முற்றாக அறுக்கப்பட வேண்டும். பூட்டுப் போட்டு, பெயர் அட்டை தொங்கவிட்டு, சாவி வேலை செய்கிறவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். டவர் விசிறிக்கும் இதே முறைதான். மின் இணைப்பில் கைவைப்பது எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற சார்ஜ்மேனின் வேலை. கையருகில் நிற்கும் யாரோ ஒருவரின் வேலை அல்ல.

பிளான்ட் ரூமின் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிரூட்டும் கேஸ்களில் பெரும்பாலானவை காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையோடு தங்கி, மூச்சுக் காற்றைத் தள்ளிவிடும். 134ஏ போன்றவற்றை மூக்கு கண்டுகொள்ளாது. அலாரம் அடித்தால் உள்ளே ஓடாதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தாலும், மூச்சுக் கருவி இல்லாமல் போகிறவர் இரண்டாவதாக விழுவார்.

தண்ணீர்த் தடை முடிந்து குழாய் பொங்கி வரும் நேரத்துக்கு வருவோம். நான்கைந்து நாள் அசையாமல் கிடந்த கூலிங் டவர் தண்ணீர் நம் ஊர் வெயிலில் கிருமிகளுக்கு நல்ல விளைநிலம். 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ஒரு விடுதியில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே ஒரு நுரையீரல் நோய் பரவி ஏறத்தாழ 30 பேர் இறந்தனர். மறு ஆண்டு கிருமி அடையாளம் காணப்பட்டது. லெஜியோனெல்லா என்று பெயர். டவரின் நீர்த்துளிகள் காற்றில் பறக்கும்போது மூச்சோடு உள்ளே போகக்கூடிய கிருமி அது. ஆகவே தேங்கிய தண்ணீரை வடித்து, தொட்டியைக் கழுவி, கிருமிநாசினி சேர்த்த பிறகே விசிறியைப் போட வேண்டும். கழுவுகிறவர் நல்ல முகக்கவசம் அணிய வேண்டும்.

இவ்வளவையும் செய்ய நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் நாம் கொடுப்பதில்லை. கடைக்காரர் தொலைபேசியில் கத்துகிறார். நிர்வாகி பத்து நிமிடத்துக்கொருமுறை வந்து நிற்கிறார். பெரிய மோட்டாரை அடுத்தடுத்துத் தொடங்கினால் சுருள் வெந்துபோகும் என்பதால் இயந்திரத்திலேயே காத்திருப்பு நேரம் வைத்திருக்கிறார்கள். அதையும் மாற்றியமைக்கச் சொல்லி நெருக்குகிறவர்கள் உண்டு. பிளான்ட் ரூமில் தனியாக நிற்கும் அந்தப் பையன், பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன், யாருக்குப் பயப்படுவான்? இயந்திரத்துக்கா, முதலாளிக்கா?

கட்டட நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்த அன்றே உங்கள் தொழில்நுட்பர்களோடு உட்காருங்கள். டவர் தொட்டி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்கெடுங்கள். மட்டம் இறங்கித் தானாக நிற்கும்வரை காத்திராமல், எந்த மணிக்கு முறையாக நிறுத்துவது என்பதை எழுதி, பிளான்ட் ரூம் கதவில் ஒட்டுங்கள். கடைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேயர்களே, பேரங்காடியில் ஏர்கோன் வர ஒரு மணி நேரம் தாமதமானால், அந்த ஒரு மணி நேரத்தைத் தொழில்நுட்பர்களுக்குக் கொடுங்கள்.