சர்வர் மாறும்போது டேட்டா எங்கே போகும்?

போன எபிசோடுக்கு அப்புறம் பல பேர் கேட்ட கேள்வி: "விபிஎஸ்ல ஓடுற ஆப்பை டாக்கர் இமேஜா மாத்திட்டோம். கிளவுடுல ஏத்திட்டா முடிஞ்சுதா?"

இல்லைங்க, அது பாதி வேலைகூட இல்லை. ஒரு டியூஷன் சென்டர் ஆப்பை எடுத்துக்குங்க. ஃபீஸ் ரசீது பிடிஎஃப் எல்லாம் சர்வர் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர்ல இருக்கும். விபிஎஸ்ல அது வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும். கன்டெய்னர்ல, தனியா வால்யூம் மாட்டலைன்னா, புது வெர்ஷன் டிப்ளாய் பண்ணினதும் பழைய கன்டெய்னரோட சேர்ந்து ஃபைலும் போயிடும். ஹெரோகுல டிப்ளாயே பண்ணலைன்னாலும் டைனோ தினமும் ஒரு தடவையாவது ரீஸ்டார்ட் ஆகும். எரர் எதுவும் வராது, அதுதான் மோசம். இன்னிக்கு டெஸ்ட் பண்ணும்போது ரசீது அழகா திறக்கும். நாளைக்கு ஒரு அப்பா கிளிக் பண்ணினா 404. அதனால பழைய சர்வர்ல இருக்கும்போதே ஃபைல்களை எஸ்3 மாதிரி ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு மாத்திடுங்க. ஒரே ராத்திரியில் ரெண்டு மாற்றம் வேண்டாம்.

அடுத்தது டேட்டாபேஸ். போஸ்ட்கிரெஸ்ல டம்ப் எடுத்தா, அது ஆரம்பிச்ச நேரத்தில் இருந்த நிலைதான் அதுல வரும். 10 மணிக்கு ஆரம்பிச்சு 10.40க்கு முடியுதுன்னா, 10.15க்கு ஒருத்தர் கட்டின ஃபீஸ் அதுல இருக்காது. அக்கவுண்ட்ல பணம் போயிருக்கும், புது ஆப்ல "பாக்கி"ன்னு காட்டும். அந்தச் சண்டையைச் சமாளிக்கப் போறது ரிசப்ஷன்ல உட்கார்ந்திருக்கிற அக்கா, நாம இல்லை. அதனால முதல்ல மெயின்டனன்ஸ் பேஜ், அப்புறம்தான் டம்ப். ரெப்ளிகேஷன் வச்சு நிறுத்தாமலும் மாத்தலாம். ஆனா இந்த சைஸ் ஆப்புக்கு ராத்திரி ஒரு மணி நேரம் மூடறதுதான் புத்திசாலித்தனம்னு நான் சொல்வேன். முன்னாடியே ஒரு தடவை ஒத்திகை பார்த்தா எவ்வளவு நேரம் ஆகும்னு தெரிஞ்சிடும்.

டிஎன்எஸ்ல டிடிஎல் 86400 விநாடின்னு இருந்தா, ஒரு நாள் வரைக்கும் சில பேர் பழைய சர்வருக்கே வருவாங்க. ரெண்டு நாள் முன்னாடியே அதை 300 ஆக்கிடுங்க. மாத்தின பிறகும் பழைய சர்வர்ல மெயின்டனன்ஸ் பேஜ் அப்படியே இருக்கட்டும்.

"பிரச்னைன்னா பழையதுக்குத் திரும்பிடலாமே"ன்னு தோணும். புது டேட்டாபேஸ்ல முதல் ஃபீஸ் விழுந்ததுக்கு அப்புறம் திரும்பினா, இதே சிக்கல் தலைகீழா வரும். திரும்பணுமான்னு முடிவு பண்ண வேண்டியது, புது ஆப்பைத் திறந்து விடறதுக்கு முன்னாடி.

கிரான் ஜாப்களை அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.