ஜூலை 14-ம் ஜூலை 30-ம்



ஜூலை 14 வந்தால் புதுவைக் கடற்கரைப் போர் நினைவிடத்தில் பிரெஞ்சு தேசிய விழா நடக்கிறது. நடக்கட்டும். ஆனால் பிரெஞ்சுக்காரன் ஆட்சி மென்மையானது, பிரிட்டிஷ்காரனைப் போல் அவன் மக்களைச் சுடவில்லை என்று சொல்வோர் இந்த ஊரில் இன்றும் உண்டு. அது பொய்! பதினாறு நாள் கழித்து வரும் ஜூலை 30-ஐ மறைத்துவிட்டுச் சொல்லும் பொய்!

1936. சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள். சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும். பத்து மணி நேரத்துக்கு மேல் தறி இரைச்சலிலும் பஞ்சுத் தூசியிலும் நிற்க வேண்டும். ஆண்கள், பெண்கள், பால் மணம் மாறாத பிள்ளைகள்கூட. அவர்கள் கேட்டது எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை. ஜூலை 30 அன்று அரசு கொடுத்தது துப்பாக்கிச் சூடு. பன்னிரண்டு தொழிலாளர்கள் பிணமானார்கள்.

அதற்கு முந்தின மாதம் பாரிஸில் என்ன நடந்தது? லியோன் புளூமின் மக்கள் முன்னணி அரசு, வாரம் 40 மணி நேர வேலை என்று சட்டம் போட்டது. சம்பளத்தோடு விடுமுறையும் கொடுத்தது. காலனி அமைச்சர் மரியுஸ் மூத்தேயும் சோசலிஸ்டுதான். பாரிஸ் தொழிலாளிக்கு 40 மணி நேரம். புதுவைத் தொழிலாளி கேட்ட எட்டு மணி நேரத்தை ஆறு நாளுக்குப் பெருக்கினால் 48. அவனைவிட எட்டு மணி நேரம் கூடுதலாக உழைக்கிறேன் என்றவனைத்தான் சுட்டார்கள்!

சுட்டவன் எழுதும் அறிக்கையில் செத்தவன் எப்போதும் கலகக்காரன். அதனால்தான் மறுபக்கத்தை எழுதியவர்கள் மீது அரசுகளுக்கு அவ்வளவு ஆத்திரம். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானபோது திருநெல்வேலி கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். சுதேசிக் கிளர்ச்சியைத் துணிந்து எழுதிய ‘இந்தியா’ இதழின் ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசனுக்கு அந்த ஆண்டே ராஜநிந்தனை வழக்கில் ஐந்தாண்டுச் சிறை. அந்த இதழில் எழுதிவந்த பாரதி புதுவைக்கு வந்து சேர்ந்தார். ‘இந்தியா’ இங்கே அச்சேறியது. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு, பஞ்சாபில் நடந்த கொடுமைகளுக்கு அப்போதைய துணைநிலை ஆளுநர் ஓட்வயரே பொறுப்பு என்று சர் சி. சங்கரன் நாயர் 1922-இல் நூல் எழுதினார். ஓட்வயர் தொடுத்த அவதூறு வழக்கில் லண்டன் நீதிமன்றம் 1924-இல் யாரைத் தண்டித்தது? எழுதிய நாயரை! 500 பவுன் நஷ்டஈடு, செலவுத் தொகை வேறு.

பிரிட்டிஷ் குண்டுகளைக் கண்டித்து எழுத இடம் கொடுத்த இதே புதுவையில், பிரெஞ்சு அதிகாரத்தை எதிர்த்து எழுத வ. சுப்பையா வந்தார். 1934-இல் அவர் தொடங்கிய ‘சுதந்திரம்’ ஆலைத் தொழிலாளியின் குறையைத் தமிழில் பேசியது. சூட்டுக்குப் பிறகு பாரிஸ் வரை போய் வாதாடினார். 1937 ஏப்ரலில் தொழிலாளர் சட்டம் வந்தது, சங்க உரிமை வந்தது. பின்னாளில் அந்தப் போராட்டத்தை நூலாகவும் எழுதிவைத்தார். அந்த நூல் இல்லையென்றால், அன்றைய கதையில் பாதியை அரசாங்கக் கோப்பின் வாயிலாகத்தான் நாம் கேட்டிருப்போம்.

மூன்று மில்களும் 2020-இல் மூடப்பட்டன. சங்குச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் வயதாகிப் போகிறார்கள். மாலை போட்டுவிட்டுக் கலைவது போதாது, தோழர்களே! பிரெஞ்சுக் காலனி ஆவணங்கள் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் காப்பகத்தில் இருக்கின்றன. 1936 தொடர்பானவற்றின் படிகளைப் புதுவை அரசு கேட்டு வாங்க வேண்டும். தமிழில் பெயர்த்து, கிடைக்கும் ‘சுதந்திரம்’ இதழ்களோடு ஒரே தொகுப்பாக அச்சிட வேண்டும். அரசுப் பள்ளி நூலகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி போக வேண்டும். இந்தக் கோரிக்கை மனு இதோ மேடையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நாளைக் காலை சட்டமன்றத்துக்குக் கொண்டு போகிறோம்.